கம்ப்யூட்டரில் இரண்டு ஆளாக இருந்த மச்சானுக்கு

மச்சான்,

இன்று காலை திருப்பதி ஆசுபத்திரியில் ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னார்கள். அந்த ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியதும், நீ பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து "ஊசிக்கு பயந்தாங்கொள்ளி" என்று என்னைக் கிண்டல் செய்வது போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன். யாரோ ஒரு அம்மா முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல உன் மகள்தான் எழுதுகிறாள். "மெதுவா சொல்லு மாமா" என்று அதட்டுகிறாள், உன்னைப் போலவே. உனக்கு எழுத்து தெரியும், ஆனால் எதுவும் நினைவில் நிற்காது. காலையில் போட்ட மாத்திரைக்கு மறுபடியும் கை நீட்டுவாய். தடுத்தால், "உன் மண்டை இருக்கும்போது எனக்கு எதுக்குடா தனியா ஒண்ணு?" என்பாய். உன் நோயையெல்லாம் நான்தான் தலையில் சுமந்து திரிந்தேன்.

சித்தூரில் நீ காய்ச்சலில் கிடந்த நாள் அப்படியே இருக்கிறது. சின்னக் கண்ணாடி பாட்டிலில் வெள்ளைத் தூள். நர்ஸ் அதில் தண்ணீர் ஏற்றிக் குலுக்கி உன் நரம்பில் போட்டாள். நான் பத்து எண்ணுவதற்குள் உன் உதடு வீங்கி, மூச்சு விசில் அடித்தது. டாக்டர் ஓடி வந்து வேறு ஊசி போட்டுக் காப்பாற்றினார். "இந்த மருந்து இவருக்கு எப்பவும் ஆகாது. கம்ப்யூட்டர்ல ஏத்திட்டோம்" என்றார். நாமும் நிம்மதியாக வீடு திரும்பினோம்.

இரண்டு வருடம் கழித்து, கல்யாணத்துக்கென்று திருப்பதி போன இடத்தில் உன் கால் புண் சீழ் பிடித்து ஜுரம் கொதித்தது. ஆசுபத்திரி கவுன்ட்டரில் இருந்தவர், "இண்டிபேரு செப்பண்டி" என்றார். தெலுங்குக்காரர்களுக்கு வீட்டுப் பெயர் ஒன்று உண்டு, பெயருக்கு முன்னால் வரும். நமக்கு ஏது அது? அப்பன் பெயரில் ஒரு எழுத்து, அவ்வளவுதான். சித்தூரில் இதே கேள்விக்கு உன் நைனா பெயரைச் சொல்லியிருந்தாய். அன்றைக்கு ஜுர வேகத்தில் "பாலசமுத்திரம்" என்று ஊரைச் சொன்னாய். அவரும் அப்படியே தட்டிவிட்டார். பக்கத்தில்தான் நின்றேன், எனக்கும் உறைக்கவில்லை.

உள்ளே நர்ஸ் அதே போல ஒரு பாட்டிலைக் குலுக்கிக்கொண்டு வந்தாள். அவள் கையைப் பிடித்துவிட்டேன்.

"வேணாம்மா, அது அவனுக்கு ஆவாது!"

டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். நல்லவேளை, தமிழ் தெரிந்தவர். "சித்தூர் ரெக்கார்டு எதுவும் வரலையே தாத்தா. மருந்து பேரு என்ன?"

"பேரு தெரியாது சார். தூளு. தண்ணி ஏத்தி குலுக்குவாங்க. பத்து எண்றதுக்குள்ள ஒதடு வீங்கிப்போச்சு. மூச்சு விசிலடிச்சிக்கினு வந்துச்சு."

அவர் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். பிறகு அந்த பாட்டிலை எடுத்துப் போகச் சொன்னார். அப்போதுதான் நர்ஸின் கையை விட்டேன்.

மறுநாள் சித்தூருக்குப் போன் போட்டு, பெயர் மாறிப்போன விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். "ஒரு ஆசுபத்திரி எழுதுனது இன்னொரு ஆசுபத்திரிக்கு புரியணும்னா, பேரு, நம்பர், மருந்து எல்லாத்தையும் எல்லாரும் ஒரே மாதிரி எழுதணும்" என்று டாக்டர் உனக்கு விளக்கினார். "கம்ப்யூட்டர்ல நீங்க ரெண்டு ஆளு. ஒருத்தருக்கு இந்த மருந்து ஆகாது. இன்னொருத்தருக்கு ஒண்ணும் இல்ல."

"அப்போ ரெண்டு ஆளுக்கும் ரேஷன் குடுப்பாங்களா சார்?" என்றாய் நீ, கட்டிலில் கிடந்தபடி. டாக்டரே சிரித்துவிட்டார். ஒரே நம்பர் போட்டு, உன்னை ஒரு ஆளாக்கி அனுப்பினார்.

பஸ்ஸில் வரும்போது மட்டும் நீ சிரிக்கவில்லை. காணிப்பாக்கம் போகும் ரோடு பிரியும் இடம் தாண்டியதும், "நம்பரு கிம்பரு இருக்கட்டும்டா. அந்த தூளு சமாச்சாரத்தை நீ மறந்துடாதே" என்றாய்.

இன்று கவுன்ட்டரில் இருந்த பெண் என் நம்பரைத் தட்டியதும் சித்தூரில் பார்த்த சர்க்கரை, கண் ஆபரேஷன் எல்லாம் திரையில் வந்து நின்றன. வாயைத் திறக்கவே வேலை இல்லை. கடைசியில், "ஆகாத மருந்து ஏதாவது இருக்கா தாத்தா?" என்றாள்.

"தூளு மருந்தும்மா, தண்ணி ஏத்தி குலுக்குறது" என்று சொல்லிவிட்டேன்.

"உங்க ரெக்கார்டுல அப்படி இல்லையே?"

"எனக்கில்லம்மா. என் மச்சானுக்கு."

"அவரும் வந்திருக்காரா?"

"போன ஆடியில, சோறு துன்னுட்டு படுத்தவன் எழுந்திருக்கல."

அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

மறக்கவில்லை மச்சான். வெள்ளைத் தூள். தண்ணீர். பத்து எண்ணுவதற்குள்.