அரசாங்கம் கட்டிக் கொடுத்த என் வீடு

18.2.2007
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் அன்புசெல்விக்கு,

அம்மா எழுதுவது. டெல்லிக் குளிர் உன் நெஞ்சில் சளி கட்டாமல் நீ சுகமாக இருக்க வேண்டும் என்று மாரியாத்தாளை வேண்டிக்கொண்டுதான் இதை ஆரம்பிக்கிறேன். இங்கே என் உடம்புக்கு ஒன்றும் இல்லை, வாய்க்குத்தான் ஓய்வில்லை. நேற்று நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன் என்று கோபமாக இருப்பாய். என்ன செய்ய, அது அனுசுயாவின் செல்போன், அவள் என்னோடு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிற தேனிக்காரப் பெண், சுற்றிப் பத்துப் பேர் நிற்கும்போது அவள் போனில் உன்னைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அதனால் கடிதத்தில் திட்டுகிறேன். பஞ்சாயத்து கிளார்க் குமாரவேல் உனக்குப் போன் போட்டு, உங்கம்மா ஒரு கையெழுத்துப் போட்டால் பத்தாயிரம் ரூபாயும் அடுத்த வருசம் நிஜமாகவே ஒரு வீடும் தருகிறோம் என்றானாம், நீயும் போட்டுவிடம்மா, நமக்கெதற்குப் பெரிய இடத்து வம்பு என்கிறாய். நிஜமாகவே ஒரு வீடாம்! அப்படியானால் முன்னால் கொடுத்ததாகச் சொன்னது என்ன என்று ஒரு வார்த்தை அவனைக் கேட்டாயா? நர்சு படிப்பெல்லாம் படித்தவள் நீ. அவன் உனக்குப் பாதியைத்தான் சொல்லியிருப்பான், முழுசையும் நான் சொல்கிறேன், டூட்டி முடிந்து காலை நீட்டி உட்கார்ந்து படி.

ஐப்பசி மழையில் நம் வீட்டின் பின்சுவர் விழுந்ததை உனக்கு அப்போதே எழுதினேன். தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு எத்தனை நாள் இருப்பது என்று, அரசாங்கம் தருகிற தொகுப்பு வீட்டுக்கு எழுதிக் கொடுக்கப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனேன். குமாரவேல் நோட்டில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஏக்கா, உனக்குத்தான் ரெண்டாயிரத்து நாலுலயே வீடு குடுத்தாச்சே, ஒரு ஆளுக்கு ஒருக்காத்தான் என்றான். ஏனுங் தம்பி, வீடு குடுத்திருந்தா எனக்குத் தெரியாம இருக்குமுங்களா என்றேன். அதெல்லாம் எனக்கென்ன தெரியும், ரிக்கார்டு சொல்லுது என்றான். ரிக்கார்டு! மூன்று வருசமாக எனக்கு ஒரு வீடு இருக்கிறதாம், எனக்குத்தான் சொல்ல மறந்துவிட்டார்களாம். அன்றைக்கு அழுதுகொண்டே வேலைக்குப் போனேன். அனுசுயாதான் டீ இடைவேளையில் தகவல் கேட்கிற சட்டம் ஒன்று வந்திருக்கிறது என்று சொல்லி, அந்த ரிக்கார்டுக்கு நகல் கேட்டு ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய்க்குக் கோர்ட் வில்லை ஒட்டி அனுப்பி வைத்தாள். முப்பது நாளில் பதில் வர வேண்டுமாம், நாற்பத்தைந்தாவது நாள் வந்தது, அதுவும் ரிஜிஸ்டர் தபாலில். கூப்பிடு தூரத்தில் ஆபீஸை வைத்துக்கொண்டு தபாலில் அனுப்புகிறார்கள், நேரில் கொடுக்க முகம் இல்லை.

பிரித்துப் பார்த்தால் வீடு வாங்கியதாக ஏழு பேருடைய பெயர், ஏழு போட்டோ. நாலாவது போட்டோவில் நான், நீ முதல் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்த நீலச் சேலையில், 'தொகுப்பு வீடு, பயனாளி மருதாள்' என்று எழுதிய சிலேட்டைக் கையில் பிடித்து இளித்துக்கொண்டு நிற்கிறேன். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. குமாரவேல் ஒருநாள் காலனிக்கு வந்து ரேஷன் கார்டுக்குப் போட்டோ எடுக்க வேண்டும் என்று எங்கள் ஏழு பேரையும் கூட்டிக்கொண்டு போனான். பஞ்சாயத்துத் தலைவர் பொங்கியண்ணனின் தறிக்குடோனுக்குப் பின்னால் புதிதாகக் கட்டிய லைன் வீடு ஏழு கதவோடு நின்றது, இங்கதான் வெளிச்சம் நல்லா இருக்குது என்று கதவுக்கு ஒருவராக நிறுத்தினான். கூப்பிட்ட இடத்துக்குப் போய், காட்டிய கதவுக்கு முன்னால் நின்று, கொடுத்த சிலேட்டைப் பிடித்தோம். சின்னாத்தாள் தலை வாரிப் பூ வேறு வைத்துக்கொண்டு வந்திருந்தாள். எட்டாவது வரை படித்த நான்கூட அந்தச் சிலேட்டைத் திருப்பி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை, நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. எங்கள் ஏழு பேருக்கு வந்த வீட்டுப் பணத்தில் அந்த மனிதர் தனக்கு ஏழு அறை கட்டி, பனியன் கம்பெனி வேலைக்குத் தெற்கேயிருந்து வந்தவர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். இதில் வருசா வருசம் மாரியாத்தா பொங்கலுக்கு அன்னதானம் வேறு, நாமும் வரிசையில் நின்று தின்றுவிட்டு மகராசன் என்று வாழ்த்திவிட்டு வருகிறோம்.

குடியரசு தினத்தன்று கிராம சபையில் எழுந்து கேட்டேன். பொங்கியண்ணன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ஏ மருதா, வீடு குடுத்தது வாஸ்தவம், நீ குடி போகலீன்னா அதுக்கு நான் என்ன பண்ணட்டும் என்றார். கூட்டமே சிரித்தது, அவரைவிட அதிகமாகக் குமாரவேல் சிரித்தான், சம்பளம் வாங்குகிறவன் இல்லையா. நானும் கும்பிட்டு, சரிங்க சாமி, அப்படீன்னா குடி போயிக்கறனுங்க, இப்பச் சொன்னத அப்படியே தீர்மான நோட்டுல எழுதச் சொல்லுங்க என்றேன். எழுதுடா, பாவம் ஆசைப்படறா என்றார். எழுதினான். அவரே கையெழுத்தும் போட்டார், கையோடு ஒரு நகலும் கேட்டு வாங்கிக்கொண்டேன். பொய் சொல்லிச் சொல்லிப் பழகியவர்களுக்கு எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரியாமல் போய்விடுகிறது.

அந்த லைனில், போட்டோவுக்கு என்னை நிறுத்திய நாலாம் கதவில் இருந்தவர்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பவேயில்லை, அறை காலியாகக் கிடந்தது. அடுத்த திங்கட்கிழமை சட்டி பானை, ஸ்டவ், பாய், உன் அப்பா படம் எல்லாவற்றையும் ஒரு தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு போய் இறக்கினேன். மூணாம் கதவில் வாடகைக்கு இருக்கிற ராமுத்தாய் பயந்துபோய், எங்களையும் காலி பண்ணச் சொல்லிருவாகளாக்கா என்று கேட்டாள். உங்களோட எனக்கென்ன சண்டை கண்ணு, நீங்க இருங்க என்றேன். அப்புறம் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். மத்தியானத்துக்குள் பொங்கியண்ணன் எஸ்.ஐ.யைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான் தபாலில் வந்த தாளையும் தீர்மான நகலையும் நீட்டினேன். எஸ்.ஐ. இரண்டு முறை படித்துவிட்டு, இது உங்க கட்டடம், இந்தம்மா அத்துமீறி வந்துட்டாங்கன்னு கம்ப்ளைண்ட் எழுதிக் குடுங்க தலைவரே, இப்பவே வெளியேத்தறேன் என்றார். பொங்கியண்ணன் என் ஸ்டவ் பெட்டி மேல் தாளை வைத்து அனுப்புநர் என்று எழுதினார், பெறுநர் என்று எழுதினார், ஐயா என்று எழுதினார், அதற்கு மேல் பேனா நகரவில்லை. தன் கட்டடம் என்று எழுதினால் என் பெயரில் வாங்கிய பணம் எங்கே என்று கேள்வி வரும். வியர்த்துக் கொட்டியது அந்த மனிதருக்கு. பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஏம்மா, அப்பறமா உக்காந்து பேசலாங்க என்றார். இத்தனை வருசத்தில் என்னை அம்மா என்று அவர் சொன்னது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம்தான் குமாரவேல் கையெழுத்துக் கேட்கிற அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான், நான் போடவில்லை என்றதும் உனக்குப் போன் போட்டிருக்கிறான். அதில் என்ன இருக்கிறது என்று உனக்குச் சொன்னானா? எனக்கு வீடு வந்தது உண்மை, அதை என் இஷ்டப்படி பொங்கியண்ணனுக்கே விற்றுவிட்டேன் என்று இருக்கிறது. போட்டால் அவர் யோக்கியர், அரசாங்க வீட்டை விற்றுத் தின்றவள் நான். மற்ற ஆறு பேருக்கும் இதே தாளை நீட்டுவார்கள். பயமில்லை என்று எழுதினால் பொய். காலனிக் குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் விடவில்லை, உன்னாலதான் என்று பாதிப் பேர் என்னை ஏசுகிறார்கள். ஏழு பேரில் ஒருவரான நல்லான் காலையில் வந்து வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனவர், சாயங்காலம் சத்தமில்லாமல் வந்து, மருதா, எம்பட கதவு எத்தனாவதுன்னு பாத்துச் சொல்லு என்று கேட்டார். நான் போட்ட மனுவுக்கு, வருகிற வெள்ளிக்கிழமை கலெக்டர் ஆபீஸிலிருந்து விசாரணைக்கு வருகிறார்களாம். வருகிறவர் யார் பக்கம் சாய்வார் என்று எனக்குத் தெரியாது. அதுவரை இந்தக் கதவைவிட்டு நான் நகர மாட்டேன், கம்பெனிக்கும் லீவு சொல்லிவிட்டேன்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, நைட் டூட்டி முடிந்து வெறும் வயிற்றில் தூங்காதே, ஸ்வெட்டரைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் போட்டுக்கொள். குமாரவேல் இனிமேல் கூப்பிட்டால் சொல்வதை எழுத்தில் கொடுக்கச் சொல், மறக்காதே. நோய்நொடி இல்லாமல், யாருக்கும் தலை குனியாமல், நூறு வருசம் நீ நன்றாக இருக்க வேண்டும். வாடகை வீடு பார்த்துக்கொள், மாதாமாதம் பணம் அனுப்புகிறேன் என்றாயே, அந்தப் பணத்தை உன்னிடமே வைத்துக்கொள் கண்ணு. சொந்த வீட்டில் இருக்கிறவள் எதற்கு வாடகை கொடுக்க வேண்டும்?

இப்படிக்கு உன் அம்மா,
மருதாள்

பதில் போட முகவரி:
சி. மருதாள், கதவு எண் 4, அரசு தொகுப்பு வீடு,
பொங்கியண்ணன் தறிக்குடோன் பின்புறம், அவிநாசிபாளையம் வழி.