முதல் வரியில் என்ன எழுதுவது

1997 செப்டம்பர் 7, ஞாயிறு

வெக்கை இன்னும் குறையவில்லை. காலையில் மாடியில் போட்ட துணி சாயங்காலமும் ஈரம். துபாய் சத்வாவில், தையல் கடையில் கல்யாண ஆர்டர், தைத்துத் தைத்துக் கழுத்து பிடித்துக்கொண்டது. பஸ்ஸிலும் நின்றுகொண்டே வந்தேன்.

ஷார்ஜா ரோலாவில் இறங்கி வீட்டுக்கு வந்தால் வாசலில் வாட்ச்மேன். கட்டடம் கைமாறிவிட்டதாம். புது முதலாளி, குடும்பமாக இருப்பவர்கள் எல்லோரிடமும் கல்யாணச் சான்றிதழ் கேட்கிறாராம். "பேப்பர் மாஃபி, ரூம் மாஃபி, பெஹன்." காகிதம் இல்லையென்றால் ரூமும் இல்லையாம். மாதக் கடைசிவரை கெடு.

வீட்டுக்காரர் மு., ராஸ் அல் கைமாவுக்கு சிமெண்ட் லாரி ஓட்டிப் போய்விட்டு வர இருட்டிவிட்டது. சொன்னேன். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு, "போலீஸ் வரைக்கும் போயிருமா?" என்றார். அதை அவரிடம் கேட்கத்தான் நான் காத்திருந்தேன்.

ஊரறியப் புருஷன் பெண்டாட்டி. இந்த மாடியில் இருப்பவர்களுக்கெல்லாம் அப்படித்தான். காகிதத்தில் அவருக்கு சிவகங்கையில் ஒரு மனைவி. பிரிந்து எத்தனையோ வருஷம் ஆகிறது, விவாகரத்து கேஸ் இன்னும் வாய்தாவில். இவர் நேரில் போனால்தான் நகரும், வாய்தா தேதிக்கெல்லாம் லீவு கேட்டால் கம்பெனி தராது.

செப். 9, செவ்வாய்

பிரிந்து இருப்பது என்று முடிவு. அவர் ஆண்கள் மட்டும் தங்கும் கம்பெனி கேம்ப்புக்கு. நான் சத்வாவில் கடைப் பெண்கள் இருவர் இருக்கும் ரூமுக்கு. "ரெண்டு மாசம், பிறகு வேற இடம் பார்ப்போம்" என்கிறார். வேற இடத்தில் மட்டும் கேட்க மாட்டார்களா?

மூக்கடைப்பு. விக்ஸ் தீர்ந்துவிட்டது.

பாத்திரம் தேய்க்கும்போது திருச்சியில் நாங்கள் வாங்கிய மனை ஞாபகம் வந்தது. வாங்கியதில் பாதிக்கு மேல் என் தையல் காசு. பத்திரம் அவர் பெயரில், லீவில் போனது அவர்தானே. அஸ்திவாரம் போட்டு ஊரிலிருந்து போட்டோகூட அனுப்பியிருக்கிறார்கள். அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்த மனைக்கு நான் யார்? போன மாதம்தான் அவர் கம்பெனி டிரைவர் ஒருவர் ராஸ் அல் கைமா ரோட்டில் லாரி கவிழ்ந்து போய்ச் சேர்ந்தார்.

செப். 11, வியாழன்

கடைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு தேராவில் வக்கீல் ஆபீஸ். வக்கீல் அரபி. பேசியதெல்லாம் அவருடைய கிளார்க், கீழக்கரை ஹாஜா பாய். வயதானவர், முகம் பார்த்துப் பேசுகிறார். கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்டார்.

"நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கினது, ரெண்டு பேருக்கும் பாதின்னு ஒரு ஒப்பந்தம் எழுதணும் பாய்."

"எழுதலாம்மா. முதல் வரி என்ன போடச் சொல்றீங்க? நீங்க அவருக்கு யாரு?"

கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். அவரே சொன்னார்.

"ஒண்ணா இருக்கோம்னு எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டீங்கன்னா, இந்த ஊர்ல அது ஒப்பந்தம் இல்ல. வாக்குமூலம். ஜெயில், அப்புறம் ஊருக்கு டிக்கெட். ஊர்லயும் கல்யாணம் இல்லாம இருக்கறவங்க இப்படி எழுதினா கோர்ட்ல நிக்கறது கஷ்டம்."

"அப்ப எனக்கு வழியே இல்லையா?"

பேனாவை மூடித் திறந்தார். "கடன்னு எழுதுங்க. நீங்க அவருக்குக் கடன் குடுத்தீங்க, அவர் திருப்பித் தரணும். அதை யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. இந்தியத் தூதரகத்துல கையெழுத்துக்கு முத்திரை வாங்கிருங்க."

பீஸ், என் மாதச் சம்பளத்தில் பாதிக்கும் மேலே. குறைக்கச் சொல்லிப் பார்த்தேன். "நான் சம்பளக்காரன்மா, பணப்பெட்டி வக்கீல்கிட்ட." எழுந்து வரும்போது டீ கொடுக்கச் சொன்னார். குடித்தேன். ஏன் குடித்தேனோ.

செப். 12, வெள்ளி

லீவு நாள். மீன் வாங்கி வந்தார், நெத்திலி. குழம்பு கொதிக்கும்போதே சொல்லிவிட்டேன்.

"கடனா? ஏழு வருசம் ஒரே அடுப்புல சாப்பிட்டுட்டு, உனக்கு நான் கடன்காரனா?"

"வேற எதையும் எழுத விடமாட்டேங்கறாங்க. நான் என்னங்க செய்ய?"

"நான் ஏமாத்திருவேன்னு நினைக்கிற."

"உங்கள இல்ல. நீங்க இல்லாம போனா வந்து நிக்கப் போறவங்கள."

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அரிசி உலை பொங்கி அடுப்பு அணைந்ததைக்கூட நான் பார்க்கவில்லை. திரும்பி வந்தவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "எங்க கையெழுத்துப் போடணும், சொல்லு" என்றார். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செப். 19, வெள்ளி

சாமான் பிரித்தோம்.

எனக்கு: தையல் மெஷின், குக்கர், மிக்ஸி, சின்ன முருகன் படம்.
அவருக்கு: டேப் ரெக்கார்டர், இஸ்திரிப் பெட்டி, பச்சைப் போர்வை.
கட்டில்: இரண்டு இடத்திலும் நுழையாது. எதிர்வீட்டு மலையாளிக் குடும்பத்துக்கு.

அந்த அக்கா, "ஊருக்கா போறீங்க, ரெண்டு பேரும்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "கொடுத்து வச்சவங்க."

ஊறுகாய் பாட்டிலை யார் எடுப்பது என்று அவர் இரண்டு தரம் கேட்டார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். எடுக்கவில்லை.

செப். 24, புதன்

தூதரகம். காலையிலேயே கூட்டம். ஆண்கள் வரிசை வேறு, பெண்கள் வரிசை வேறு. அவர் அங்கே, நான் இங்கே. பாஸ்போர்ட்டைப் பையிலிருந்து எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். கம்பெனியில் கெஞ்சி வாங்கி வந்த பாஸ்போர்ட். மத்தியானத்துக்குள் திருப்பித் தர வேண்டும்.

கவுண்டரில் இருவரையும் சேர்த்துக் கூப்பிட்டார்கள். அங்கே இருந்தவர் தமிழர், நல்ல மாதிரி. காகிதத்தைப் படித்துவிட்டு மு.வை நிமிர்ந்து பார்த்தார்.

"பெரிய தொகையா இருக்கே. இந்தம்மா உங்களுக்கு என்ன உறவு?"

மு. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கவுண்டர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள்.

"உறவு ஒண்ணும் இல்லைங்க. தெரிஞ்சவங்க."

"தெரிஞ்சவங்களே இவ்ளோ குடுத்திருக்காங்க. அதிர்ஷ்டம்தான் உங்களுக்கு."

முத்திரை விழுந்தது. என் காகிதம் என் கைக்கு வந்தது. நான் கேட்டதுதான். நன்றி என்று சொன்னேன் போலிருக்கிறது.

வெளியே வெயிலில் பஸ் ஸ்டாப் வரை கூட வந்தார், ஓர் ஆள் இடைவெளி விட்டு. கேம்ப் போன் நம்பரை சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுத்தார். ஒரே போன்தானாம், ஃபோர்மேன் ரூமில்.

"பொம்பளக் குரல்னா யாருன்னு கேப்பான்" என்றார்.

"என்ன சொல்லட்டும்?"

யோசித்தார். பஸ் வந்து நின்றுவிட்டது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் கிட்டே வந்து சொன்னார்.

"தங்கச்சின்னு சொல்லிரு."