பதினான்காம் படுக்கை

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி,
நவம்பர் 24

அன்பு மகள் ஆனிக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் சுகம்தான் என்று அம்மா சொன்னாள், ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் பேசியவள் அவள்தானே. நான் பூசை முடிந்து வீட்டுக்கு வருவதற்குள் நீ போனை வைத்துவிட்டாய். உன் குரலைக் கேட்டு இன்றோடு பத்து நாள் ஆகிறது. குறை சொல்லவில்லை, எண்ணிக்கையைச் சொல்கிறேன். போனில் பேசாமல் இது என்ன பேப்பரும் பேனாவும் என்று நினைப்பாய். போனில் என்றால் நீ ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவுவாய். நான் சொல்லப்போவதைப் பாத்திரச் சத்தத்துக்கு நடுவே சொல்ல முடியாது. நியூசிலாந்து போய்ச் சேர மூன்று வாரம் ஆகும் என்று தபால் ஆபீஸில் சொன்னார்கள். அந்த மூன்று வாரமும் நான் தைரியமாக இருந்துகொள்ளலாம்.

முதலில் ஊர்ச் செய்தி. அம்மாவுக்கு முழங்கால் வலி மழைக்குக் கூடியிருக்கிறது, தைலம் தேய்க்கச் சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறாள். நம் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்று நேற்றுத்தான் வடிந்தது. ஃபுளூ காய்ச்சல் இறங்கிக்கொண்டு வருகிறது. நேற்று மாவட்டம் முழுக்கப் புதிதாக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் நாற்பத்தொரு பேர், சாவு இரண்டு. போன மாதம் இதே தேதியில் இருநூற்றுப் பதினொன்று, சாவு ஒன்பது. ஓய்வு பெற்று மூன்று வருஷமானவனைச் சுகாதார அலுவலகத்தில் திரும்பக் கூப்பிட்டு அதே பழைய நாற்காலியில் உட்கார வைத்தார்களே, அது வீண்போகவில்லை. காலை எட்டரைக்குப் போனை எடுத்தால் ஏரல், நாசரேத், சாயர்புரம் என்று ஊர் ஊராகக் கேட்டு எழுதுவேன், எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் ஆக்சிஜனில், எத்தனை பேர் வீட்டுக்குப் போனார்கள், எத்தனை பேர் போயே போனார்கள். சிலர் குத்துமதிப்பாகச் சொல்வார்கள், விடமாட்டேன். ஏரலில் சேர்த்து மறுநாள் தூத்துக்குடிக்கு அனுப்பிய ஆளை இரண்டு இடத்திலும் எழுதி ஒருவரை இருவராக்கி வைப்பார்கள். வீட்டிலேயே இறந்தவர்களை ஒருவரும் எழுதமாட்டார்கள். ஆத்துமாக்கள் திருநாளன்று கல்லறைத் தோட்டத்தில் பங்குச் சாமியார் இந்த வருஷம் இறந்தவர்களின் பெயரை வாசித்தபோது எல்லாரும் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள், நான் என் பட்டியலோடு ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெயர் என்னிடம் இல்லை. மறுநாளே அந்த வீட்டுக்குப் போய் விசாரித்துச் சேர்த்துவிட்டேன். செத்தவுகளுக்கு வேண்டிக்கிட வந்தியளா, ஆஜர் எடுக்க வந்தியளா என்று அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். எது எப்படியோ, பன்னிரண்டரை மணிக்கு என் கணக்கு சென்னைக்குப் போய்விடும். அதில் இதுவரை ஒரு ஆள் கூடியதில்லை, ஒரு ஆள் குறைந்ததில்லை. இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்று பின்னால் உனக்குத் தெரியும்.

இனி உன் மாமனார் விஷயம். ஆனி, எனக்கு ஹென்றியின் மேல் பொறாமை. இன்று நேற்று வந்ததில்லை, உனக்குக் கல்யாணம் முடிந்த வாரத்திலிருந்து. மாமா என்று கூப்பிட வேண்டியவரை நீ டாடி என்று கூப்பிட ஆரம்பித்தாய், அன்றே வயிறு எரிந்தது. அந்த மனுஷன் தோணியில் தண்டலாகச் சுக்கான் பிடித்து முப்பது வருஷம் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் ஓட்டியவர், காற்று திரும்பியது, பாய் கிழிந்தது, மாசிக் கருவாடு மூட்டையோடு கரை சேர்ந்தது என்று பேச அவருக்கு ஆயிரம் இருக்கிறது. எனக்கு என்ன இருக்கிறது, போன வருஷத்தைவிட மூன்று சதவீதம் கூடுதல் என்பேன், நீ கொட்டாவி விடுவாய். நீ வாரத்துக்கு மூன்று தடவை அவருக்குப் போன் செய்வது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவரே வந்து சொல்வார். நேத்து நம்ம பிள்ள பேசுச்சி சம்பந்தி, ஒரு மணி நேரம் சிரிச்சிக்கிட்டே கெடந்துச்சி என்பார். நம்ம பிள்ளையாம். பெற்றவனுக்கு ஞாயிற்றுக்கிழமை நாலு நிமிஷம், அதிலும் இரண்டு நிமிஷம் கேக்குதாப்பா, கேக்குதாப்பா என்பதிலேயே போய்விடும்.

நவம்பர் நாலாம் தேதி மூச்சுத் திணறலோடு அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது நான்தான். மனைவி இல்லாத மனுஷன், ஒரே மகன் உன் ரெக்சன், அவனும் கப்பலில் ஆப்பிரிக்காப் பக்கம், வேறு யார் இருக்கிறார்கள். தனி வார்டு, யாரையும் உள்ளே விடவில்லை. முகத்தில் மாஸ்க், பேச்சு கிடையாது, அவருடைய போன் வீட்டுக் கட்டிலிலேயே கிடந்தது. பதினான்காம் படுக்கை. வார்டு நர்ஸ் முருகேஸ்வரி சிஸ்டர் காலையில் எனக்குக் கணக்குச் சொல்லி முடித்துவிட்டு, உங்க சம்பந்தி அப்படியேதான் இருக்காவ சார் என்று கடைசியாகச் சேர்த்துச் சொல்வார். அவர் எனக்குச் சொல்ல, நான் உனக்குச் சொல்ல, அதைத் தவிர உனக்கு வேறு வழி இல்லை. அன்றிலிருந்து நீ தினமும் பகல் ஒரு மணிக்குக் கூப்பிட்டாய், அங்கே இரவு எட்டரை. முதல் வார்த்தை டாடிக்கு எப்படிப்பா இருக்கு. சரி, சாகக் கிடக்கிற மனுஷன், கேட்கத்தான் வேண்டும், பொறுத்துக்கொண்டேன். அதைக் கேட்டபின் நீ போனை வைக்கவில்லை மகளே. பயத்தில் உனக்குத் தனியாக இருக்க முடியவில்லை. சாப்பிட்டியளா என்று கேட்டாய், என்ன குழம்பு என்று கேட்டாய். ஒரு நாள், அப்பா நீங்க ஆபீஸ்ல என்னதான் செய்வீங்க என்று கேட்டாய். முப்பத்திநாலு வருஷம் பார்த்த வேலையைப் பற்றி என் பிள்ளை கேட்டது அதுதான் முதல் தடவை. ஒருவரை இருவராக எண்ணுகிற கதையைச் சொன்னேன், நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்கு மட்டும். எட்டாம் தேதி நாற்பத்திரண்டு நிமிஷம் பேசியிருக்கிறாய், போனில் காட்டுகிறது, அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

பதினோராம் தேதி காலையில் முருகேஸ்வரி சிஸ்டர், சார் பதினாலுக்கு ஆக்சிஜன எடுத்தாச்சி, இட்லி கேக்காவ என்று சந்தோஷமாகச் சொன்னார். நான் பட்டியலில் சரியாகத்தான் எழுதினேன், ஆக்சிஜனில் இருப்போர் ஒன்று குறைவு. பன்னிரண்டரைக்குச் சென்னைக்கு அனுப்பினேன். ஒரு மணிக்கு நீ கூப்பிட்டாய். அப்படியேதான் இருக்காரு மக்கா என்று சொல்லிவிட்டேன். சென்னைக்கு உண்மையைச் சொல்லி அரை மணி நேரம் ஆகவில்லை, பெற்ற மகளிடம் பொய் சொன்னேன். சொன்னால் நீ சந்தோஷத்தில் போனை வைத்துவிடுவாய், அவர் போன் எப்போது அவர் கைக்கு வரும் என்று காத்திருப்பாய், எனக்குப் பழையபடி ஞாயிற்றுக்கிழமை நாலு நிமிஷம். இன்னும் ஒரே ஒரு நாள் என்று நினைத்தேன். மறுநாள் நீயே சொன்னாய், நெட்ல நம்ம மாவட்டக் கணக்கப் பாத்தேம்பா, ஆக்சிஜன்ல ஒரு ஆள் குறைஞ்சிருக்கு, யாரோ பிழைச்சிட்டாங்க, டாடிக்கும் இப்படி ஆகணும்னு வேண்டிக்கிட்டேன் என்று. அந்த யாரோ யார் என்று தெரிந்தவன் இங்கே வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் நீ அழுதாய். கப்பல் கம்பெனி மூலமாக ரெக்சனுக்குச் செய்தி போய் அவன் டர்பனில் இறங்கிக்கொள்ள எழுதிக் கொடுத்துவிட்டான் என்றாய். அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும். நேற்றும் முந்தாநாளும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாயே என்ற பயத்தில் அன்றும் சொல்லவில்லை. உன் அழுகை காதில் விழ விழ, இவ்வளவும் அந்த மனுஷனுக்காகத்தானே என்றுதான் எனக்குத் தோன்றியது. அவ்வளவு கெட்டவனாக இருந்தேன்.

பதினான்காம் தேதி அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். கட்டிலில் கிடந்த போனைச் சார்ஜில் போட்டு முதலில் உன்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார். மூன்று நாளாக அப்பா ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்டதற்கு அவர் உன்னிடம் சொன்னது எனக்குத் தெரியும், நீதான் அன்று ஒரு மணிக்கு என்னிடம் சொன்னாயே. நாந்தான் சம்பந்திட்ட சொல்லவேண்டாம்னு சொல்லிவிட்டேன், திரும்பவும் மூச்சு முட்டிச்சின்னா பிள்ள ஏமாந்துபோவும்லா என்றாராம். நீ அவரை நன்றாகத் திட்டினாயாம், பாவம் அப்பா, மனசுக்குள்ளயே வச்சிக்கிட்டு எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பீங்க என்று என்னையும் தேற்றினாய். அதையும் வாங்கிக்கொண்டேன். அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது.

அது சுத்தப் பொய் ஆனி. அவர் என்னிடம் அப்படி எதுவும் சொல்லிவிடவில்லை. மறுநாள் அம்மா கொடுத்த கஞ்சியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய், ஏன் அப்படிச் சொன்னீர் என்று கேட்டேன். கஞ்சியைக் குடித்து முடித்தார். பிறகு சொன்னார், சிஸ்டர் தெனமும் உமக்குச் சொல்லிட்டேன்னுதான் எங்கிட்ட சொல்லிச்சி, உம்ம மேல கோவம் வராமலா இருக்கும், வந்துச்சி, பொறவு படுத்துக்கிட்டே யோசிச்சேன், என் மவன் கப்பலேறி நாப்பது நாளாச்சி, ஒரு போன் கெடையாது, உம்ம மவ கூப்பிடுததுல நான் அத நெனைக்காமலே கெடந்திருக்கேன், உம்ம பங்கையும் சேத்து நாந்தான தின்னுக்கிட்டு இருந்தேன், உம்மப் போயி எப்படிக் காட்டிக்குடுக்க என்று. நான் காலித் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் அவர்மேல்தான் எரிச்சல். நல்ல மனுஷனாக இருப்பதிலும் அவர்தான் முந்திக்கொள்ள வேண்டுமா.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், மனசாட்சி என்று சொல்லலாம், அது பாதிதான். மீதிப் பாதி என்னவென்றால், நான் சொன்ன பொய்க்கு அவர் உன்னிடம் திட்டு வாங்கியிருக்கிறார். அதை என்னால் பொறுக்க முடியவில்லை. பொய் என்னுடையது, திட்டும் என்னுடையது. நீ கோபத்தில் கத்துவதற்குக் கூப்பிட்டாலும் அது எனக்கு வர வேண்டிய போன். அவருக்குப் போக விடமாட்டேன்.

ரெக்சன் டர்பனில் இறங்கவில்லை என்று மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டதாக அம்மா சொன்னாள், நல்லது. ஆனால் அவன் தகப்பனாருக்குப் போன் செய்யச் சொல், சாகக் கிடந்தால்தான் கூப்பிடுவது என்று இருக்கக்கூடாது. நீ அந்தக் காய்ச்சல் ஊசியைத் தள்ளிப்போடாமல் போட்டுக்கொள், இங்கே சேர்ந்தவர்களில் பத்தில் எட்டுப் பேர் ஊசி போடாதவர்கள், இது நான் எண்ணிய கணக்கு. ஈரத் தலையோடு வேலைக்குப் போகாதே. அம்மாவுக்கு இந்த மூன்று நாள் விஷயம் தெரியாது, சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். கடிதம் வருவதற்குள் கிறிஸ்துமஸ் நெருங்கிவிடும், பாலன் இயேசு உன்னையும் உன் வீட்டையும் கைவிடாமல் காப்பாராக. அப்பாவின் ஆசீர்வாதம், அது பொய்யில்லை.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இப்போது என் பட்டியலில் நமக்கு வேண்டியவர் ஒருவரும் இல்லை, யாரைப் பற்றியும் நீ கேட்க வேண்டியிருக்காது. ஆனாலும் ஒரு மணி ஆனால் நான் சாப்பிடப் போகாமல் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு
உன் அப்பா
ஆன்றோ