இசாக்கின் படத்துக்கு முன்னால் எரிந்த மெழுகுவர்த்தி

அன்பு குறையாத என் ரூத்துக்கு,

நீ போய் ஏழு கிழமையாகிறது. உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இருந்தும் தமிழில்தான் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் பட்டம் வாங்கப் பழகிய வாக்கியங்கள் எனக்காக வாதாடத் தொடங்கிவிடும். வீட்டு மொழியில் என்னால் அப்படித் தப்ப முடியாது.

ஒளித்து எழுதுகிறேன் என்று நினைக்காதே. உன் அப்பாவுக்கும் எங்களோடு மேசையில் நிற்கிற டேனிக்கும் நேரே சொல்லிவிட்டேன். சொல்லாமல் மிச்சமிருப்பது உனக்கு மட்டும்தான்.

இதை வாசிக்கப்போகிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், வழக்கம்போலக் குறுக்கே விழாதே.

பல்கலைக்கழக நூலகப் படிகளுக்குப் பக்கத்தில் செவ்வாய்க்கிழமைகளில் ஒரு மடக்கு மேசை இருக்கும். அதன் ஒரு கால் கட்டை. கடதாசி மடித்து வைத்திருப்பாய். மேசையில் ஒரு மனிதனின் படம். இங்கே அவரை இசாக் என்று எழுதுகிறேன், அது உண்மைப் பெயரல்ல. நாட்டின் பெயரையும் எழுதவில்லை, அவருடைய அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார். விரல் விட்டு எண்ணக்கூடிய யூதக் குடும்பங்களே மிஞ்சியிருக்கும் ஒரு ஊரில் கண்ணாடிக்கு வில்லை பொருத்துகிற தொழில் அவருக்கு. ஐந்து பிள்ளைகளுக்கு வீட்டில் வைத்து ஹீப்ரு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். அதற்காக அவரைப் பிடித்துச் சிறைக்குக் கொண்டுபோனார்கள்.

நீ அந்த நாட்டு மொழியைப் படித்துக்கொண்டிருந்தாய். அவருடைய செய்தியை அந்த மொழிப் பத்திரிகையொன்றில் நாலு வரியாகப் பார்த்திருக்கிறாய். அந்த நாலு வரியிலிருந்து, அவரை விடச்சொல்லிக் கேட்கிற இந்த மேசை வந்தது, டேனி வந்தான், பிறகு நான் வந்தேன்.

நான் வந்தது கொள்கையால் அல்ல. நூலகத்துக்குப் போகிற வழியில் உன் தாள்கள் காற்றில் பறந்தன, நான் பொறுக்கித் தந்தேன்.

"கொஞ்ச நேரம் இருக்கிறியா?" என்று கேட்டாய்.

"எனக்கு ஆக்களோட கதைக்கத் தெரியாது."

"கதைக்கச் சொல்லேல்ல. தாளைப் பிடிச்சுக்கொண்டு இருந்தாக் காணும்."

நீ பேசியது ஆங்கிலம்தான். என் காதில் அது எப்போதும் எங்கள் வீட்டுப் பேச்சாகவே கேட்டது. ஒருநாள் உனக்கு இதைச் சொன்னபோது, "அப்ப நான் உன்ர வீட்டில என்ன மாதிரிக் கதைக்கிறன்? கெட்டிக்காரியா?" என்று கேட்டாய். "வாய்க்காரியா" என்றேன்.

எல்லாரும் எங்களோடு ஏதோ ஒன்றுக்குக் கோபமாக இருந்தார்கள். நீயும் யூதப் பிள்ளை என்பதால் உன் இனத்தின் பெயரைச் சொல்லித் துப்பிவிட்டுப் போனவர்கள் இருந்தார்கள். துப்பாமல், நியாயமாகக் கேட்டவர்களும் இருந்தார்கள். ஒரு மாணவி கேட்டாள்: "குண்டு விழுந்து சாகிற பிள்ளையளைப் பற்றி உங்களுக்குக் கவலையில்லையா?" நீ சொன்னாய்: "இருக்கு. நாளைக்கு அந்தப் பிள்ளையளுக்கான கூட்டத்திலயும் நிப்பன். இண்டைக்குச் செவ்வாய்." அடுத்த நாள் போய் நின்றாய். அங்கேயும் உனக்கு ஏச்சு விழுந்தது.

எங்கள் பக்கமும் சும்மா இருக்கவில்லை. எங்கள் பகுதியான ரெய்னர்ஸ் லேனில் நாங்கள் சாமான் வாங்குகிற கடைக்கார அண்ணை அம்மாவிடம் கேட்டார்: "என்ன அக்கா, எங்கட பெடியளைக் கேட்க நாதியில்லை, உங்கட மகள் யூதருக்கு நோட்டீஸ் குடுக்கிறாவாம்?"

அம்மா வெண்டிக்காயை முறித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உவள் எனக்கே வாய் திறந்து பதில் சொல்லாள். ஆருக்காவது கேட்டுப் பழகட்டும் அண்ணை. பழகினாத்தானே எங்களுக்கும் கேட்பாள்."

அம்மாவுக்கு அதைச் சொல்ல உரிமை இருக்கிறது. அவருடைய தம்பி, என் சின்ன மாமா, போர் முடிந்த நாட்களில் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவர். திரும்பி வரவில்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் அவருடைய படம் இருக்கிறது. மாலை போட மாட்டோம். விளக்கு வைக்க மாட்டோம். ஒருமுறை ஒரு உறவினர் நல்லெண்ணத்தோடு மாலையும் கையுமாக வந்தபோது அம்மா அதைப் பிடுங்கிக் குப்பைவாளியில் போட்டார். "செத்தவனுக்குத்தான் விளக்கு. இவன் செத்ததை நீங்கள் கண்டனியளா?" என்று கேட்டார். அப்போது எனக்குப் பதினொரு வயது.

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

இசாக் பிடிபட்டு மூன்று வருடம் நிறைந்த அந்த மாசி நாள். தூதரகத்தில் மனுவைக் கொடுக்க நீ போயிருந்தாய். படிகளில் ஒன்றுகூடலுக்கு ஆயத்தம் செய்யும் வேலை டேனிக்கும் எனக்கும். நாங்கள் இசாக்கின் படத்தைப் பெரிதாக அச்சடித்து வைத்தோம். டேனி சின்னச் சின்ன மெழுகுவர்த்திகளைச் சுற்றிவர வைத்தான். காற்று எல்லாவற்றையும் அணைத்துவிட்டது. அவன் ஓடிப்போய்க் கண்ணாடிக் குவளைக்குள் இருக்கிற ஒற்றை மெழுகுவர்த்தி ஒன்றை வாங்கி வந்து படத்துக்கு நேர் முன்னால் ஏற்றினான். யாரோ வெள்ளைப் பூவும் வைத்தார்கள். "படத்துக்கு நல்லா வருது" என்றான். அவன் பாவம், அவன் வளர்ந்த வீட்டில் மெழுகுவர்த்தி என்றால் பிறந்தநாள் மட்டும்தான்.

நான் பார்த்தேன், ரூத். படம், பூ, ஒற்றைச் சுடர். 'இது செத்தவருக்கு வைக்கிறது' என்ற வாக்கியம் என் வாய்க்குள் முழுதாக இருந்தது. உங்கள் ஆட்களிடமும் அந்த வழக்கம் உண்டென்று எனக்குத் தெரியும். உன் வீட்டு அடுப்படியில் உன் அம்மாவின் நினைவுநாளுக்கு அப்படி ஒரு குவளை எரிந்ததைக் கண்டிருக்கிறேன்.

ஆனால் சுற்றி முப்பது பேர் நின்றார்கள். டேனி சந்தோஷமாக இருந்தான். நான் சொல்லி, அவர்கள் திரும்பி என்னைப் பார்த்து, 'ஏன்?' என்று கேட்டால் விளக்க வேண்டும். நான் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டேனி படம் எடுத்து இணையத்தில் போட்டான்.

முக்கால் மணி நேரம் கழித்து நீ வந்தாய். தூரத்திலேயே கண்டுவிட்டு ஓடிவந்து குவளையைக் கவிழ்த்தாய். "ஆர் வைச்சது இதை? ஆருக்குமே தெரியேல்லயா?" என்று கத்தினாய். நான் தலையை ஆட்டினேன். தெரியாது என்கிற ஆட்டம்.

அந்த முக்கால் மணி நேரம் போதுமாக இருந்தது.

ஒவ்வொரு வெள்ளியும் மதியம், அங்கே யூதர்களின் ஓய்வுநாள் தொடங்கும் முன், நீ இசாக்கின் அம்மாவுக்குத் தொலைபேசி எடுப்பாய். யாரோ ஒட்டுக்கேட்பார்கள் என்பதால் மழை, ரொட்டி, முழங்கால் வலி, இவ்வளவுதான் கதை. அவருடைய பிள்ளையைப் பெயர் சொல்லிக் கேட்க வெளியில் ஆள் இருக்கிறது என்று ஒட்டுக்கேட்பவர்களுக்குத் தெரிந்தால் போதும் என்பாய். நான் பக்கத்திலிருந்து கொப்பியில் குறிப்பெடுப்பேன். அவர் அடிக்கடி சொல்லும் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதிப் பழகினேன்.

அந்தக் கிழமை வெள்ளியன்று அவருடைய குரல் வேறாக இருந்தது. நீ கேட்டுக் கேட்டு எனக்கு மொழிபெயர்த்தாய். நான் எழுதினேன். அயலவர் ஒருவர் டேனி இணையத்தில் போட்ட படத்தைப் போனில் காட்டியிருக்கிறார். மகன் செத்துவிட்டான் என்று நம்பிய அந்தத் தாய், உங்கள் துக்க வழக்கப்படி தன் சட்டையின் கழுத்தைக் கிழித்துக்கொண்டு சிறை வாசலுக்குப் போய், என் பிள்ளையின் உடலைத் தாருங்கள் என்று இரண்டு நாள் கத்தியிருக்கிறார். உயிரோடுதான் இருக்கிறான் என்று கடைசியில் சொல்லியிருக்கிறார்கள். கத்தியதற்குத் தண்டனையாக, மாதத்தில் ஒருமுறை மகனைப் பார்க்கக் கொடுத்திருந்த அனுமதியை நிறுத்திவிட்டார்கள்.

"அந்தப் படத்தை ஆர் வைச்சதெண்டு கேட்கிறா" என்றாய் என்னிடம். பிறகு நான் வாய் திறக்கக் காத்திருக்காமல் அவரிடம் ஒரே ஒரு சொல் சொன்னாய். அந்தச் சொல் எனக்குத் தெரியும். 'நான்.'

கொப்பியில் என் கையெழுத்தில் இன்னும் இருக்கிறது: படம் வைத்தது, ரூத்.

அதற்குப் பிறகு உன்னை எப்படி ஏசினார்கள்! உங்கள் சமூகப் பெரியவர் ஒருவர் உன்னைக் கூப்பிட்டு, "நாங்கள் சத்தமில்லாமல் பேசிக்கொண்டிருந்த விஷயம். சின்னப் பிள்ளைகள் தெருவில் விளையாடி அந்தத் தாயின் கண்ணைப் பிடுங்கிவிட்டீர்கள்" என்றார். நானும் உன்னோடு அந்த அறையில் இருந்தேன். எனக்கும் தேநீர் தந்தார்கள். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை, ஆனால் என் மௌனம் வேறு.

சொல்லலாம், சொல்லலாம் என்று ஒரு வருடம் போனது. பிறகு அந்தக் காலை. சந்தியில் இடப்பக்கம் திரும்பிய லொறி, உன் சைக்கிள்.

துக்க வீட்டுக்கு அம்மாவும் வந்தார். உங்கள் சமையல் விதிகள் தெரியாதே என்று பயந்து, தோல் உரிக்காத தோடம்பழமும் வாழைப்பழமும் ஒரு பெட்டி நிறையக் கொண்டு வந்தார். உன் அப்பா உங்கள் துக்க வழக்கப்படி பதிந்த நாற்காலியில் இருந்தார். அம்மா கேட்காமலே அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டார். இருவருக்கும் பேச மொழி போதவில்லை. அரை மணி நேரம் அப்படியே இருந்தார்கள். எழும்பும்போது, "உன்ர சிநேகிதியின்ர தகப்பனுக்கு இனி ஆர் சோறு குடுக்கிறது?" என்று என்னிடம் கேட்டார், நான்தான் ஏதோ செய்துவிட்டதைப் போல.

மூன்று வெள்ளி யாரும் தொலைபேசி எடுக்கவில்லை. டேனிக்கு மொழி தெரியாது. நாலாவது வெள்ளி நான் எடுத்தேன். அந்த மொழியில் என்னிடம் நாற்பது சொற்கள் இருந்தன. அவர் முதலில் கேட்டது, ரூத் எங்கே?

என்னிடமிருந்த சொற்களில் 'சுகமில்லை' இருந்தது. அதைச் சொன்னேன்.

அவர் உன் அம்மாவின் பெயரைக் கேட்டார். ஏன் என்று விளங்காமல் சொன்னேன். அடுத்த வெள்ளியும் கேட்டார், சுகமா? இல்லை என்றேன். அதற்கடுத்த வெள்ளியும்.

போன ஞாயிறு எட்ஜ்வெயரில் உங்கள் வீட்டுக்குப் போய் உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மெழுகுவர்த்தியையும், தலையாட்டியதையும், இந்தப் பொய்யையும். "தாயின் பெயரைக் கேட்டாரா?" என்றார் அவர். "நோயாளிக்காக மன்றாடும்போது எங்களில் தாயின் பெயரைச் சேர்த்துத்தான் சொல்வார்கள். அந்த மனுஷி ஒவ்வொரு கிழமையும் என் மகள் குணமாகவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்." என்னை ஏசவில்லை. எழும்பிப்போய் உன் அகராதியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். எனக்கு ஆறுதல் வேண்டியிருந்தது. அதனால் கேட்டேன்: "நீங்களும்தானே அம்மா ஒவ்வொரு வருசமும் சின்ன மாமாவின்ர பேருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்யிறியள்? அவர் இருக்கிறாரோ இல்லையோ தெரியாமல்?"

அம்மா சட்டை மடித்துக்கொண்டிருந்தார். கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

"ஓம், தெரியாமல் செய்யிறன். தெரிஞ்ச ஒருத்தன் எங்கயோ இருக்கிறான் பிள்ளை. அவனுக்குத் தெரியும், என்ர தம்பிக்கு என்ன நடந்ததெண்டு. தெரிஞ்சுகொண்டு என்னை அர்ச்சனை செய்ய விட்டுக்கொண்டிருக்கிறான்." பிறகு என்னைப் பார்த்தார். "நீ அவனா இருக்காதை."

உயிரோடிருந்த மகனைச் செத்தவனாகக் காட்டியபோது சும்மா நின்றேன். இப்போது செத்துப்போன உன்னை உயிரோடு வைத்து அதே தாயை ஏமாற்றுகிறேன். நீ இருந்திருந்தால் என்னை மன்னித்திருப்பாயா? கேட்க வேண்டிய காலத்தில் கேட்கவில்லை. உன் பதிலை நானே கற்பித்துக்கொள்ளவும் மாட்டேன்.

புதினம் என்னவென்று கேட்பாய். மேசையில் இப்போது இரண்டு பேர்தான். டேனி போன கிழமை என்னைப் பேசவிட்டான். நாலு நிமிடம் பேசினேன், இரண்டு பேர் நின்று கேட்டார்கள், ஒருவர் பாதியில் போய்விட்டார். இசாக் இன்னும் உள்ளேதான். அவருடைய அம்மாவுக்கு இன்னும் அனுமதி தரவில்லை.

இன்று வியாழன். உன் அகராதியைப் பார்த்து மூன்று வாக்கியங்களைத் தமிழெழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ரூத் இறந்துவிட்டாள். அந்தப் படத்தை அவள் வைக்கவில்லை, பார்த்துக்கொண்டு நின்றது நான். உங்கள் மகனைப் பெயர் சொல்லிக் கேட்பதை நாங்கள் நிறுத்தவில்லை. அம்மாவுக்கு முன்னால் பத்துத் தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் ஒவ்வொரு முறையும், "இன்னும் கொஞ்சம் உறைக்கச் சொல்லு" என்றார்.

நாளை மதியம் மூன்றையும் சொல்வேன், ரூத். அவர் அழுதால் அழுது முடியும்வரை வைத்திருப்பேன். திட்டினால், விளங்கினாலும் விளங்காவிட்டாலும், கடைசிவரை கேட்பேன். அவர் போனை வைத்துவிட்டால் அடுத்த வெள்ளி திரும்பவும் எடுப்பேன். அதற்கும் வைத்தால், அதற்கடுத்த வெள்ளியும்.

இப்படிக்கு,
உன் சகோதரம்,
சிந்துஜா