மேல்தட்டுப் புத்தகம்

கொட்டகலை,
வியாழக்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான ஜீவராணிக்கு அண்ணி எழுதுவது.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து நம் வீட்டில் கூடியவர்கள்: நான், உன் அண்ணன் பிரதாப், உன் மகள் ஹம்சினி, நம் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற நிஷாந்தி, இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற பெரியதம்பி மாஸ்டர். ஆக ஐந்து பேர். சைப்பிரசில் நீ வேலை பார்க்கிற மேடம் வீட்டு அலமாரியிலிருந்து நீ படம் எடுத்து அனுப்பிய மூன்று கிரேக்க இலக்கணப் புத்தகங்களில், மேடம் தருவதாகச் சொன்ன ஒன்று எது என்று முடிவு செய்யத்தான் கூடினோம். ஆனால் இந்தக் கடிதம் புத்தகத்துக்காக மட்டும் இல்லை. உன் வலது கைக்காகவும்தான். போனில் கேட்டால், மேடம் பக்கத்திலேயே இருப்பதால், "சுகம் அண்ணி" என்பதற்கு மேல் உன் வாயிலிருந்து எதுவும் வராது. அதனால்தான் செவ்வாய்க்கிழமை சைப்பிரசுக்குப் புறப்படுகிற நிஷாந்தியிடம் இதை ஒட்டிக் கொடுக்கிறேன்.

முதலில் புத்தகம். மாஸ்டர் வந்ததும் வராததுமாக, உங்க ஆண்டவருக்குத் தமிழ் தெரியாதா, ஏம்மா இந்தப் பாடு என்றார். அவருக்குத் தெரியும் சார், எனக்குத்தான் அவர் ஆட்கள் முதலில் எழுதினது தெரியவில்லை என்றேன். சிரித்துவிட்டு உட்கார்ந்தார். உன் அண்ணன் பெரிய புத்தகத்தின் படத்தைப் பார்த்து, இதையே எடு, படிக்காவிட்டாலும் தலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார். நிஷாந்தி, எழுத்து பெரிசா இருக்கிறதை எடுங்கக்கா, உங்க கண்ணாடிக்கே கண்ணாடி வேணும் என்றாள்.

நான் அப்படியெல்லாம் தேர்ந்தெடுக்கவில்லை. மூன்று வருஷமாக வேதத்தைக் கிரேக்கத்தில் எழுத்துக் கூட்டி வாசிக்கும்போது மாட்டிக்கொண்ட இடங்களையெல்லாம் தேதி போட்டுக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். அதில் பன்னிரண்டை எடுத்து, ஒவ்வொரு புத்தகத்திலும் தேடினேன். அதற்காகத்தான் பின்பக்க அட்டவணையை முழுசாகவும், அதைப் பார்த்து நான் கேட்கிற பக்கங்களையும் படம் எடு என்று உன்னைப் படுத்தினேன்.

சின்னப் புத்தகம் வேதத்துக்கு மட்டும் எழுதியது. விடை சொல்கிறது, ஏன் என்று சொல்வதில்லை. நடுப் புத்தகம் கதை மாதிரி அழகாக விளக்குகிறது, ஆனால் அட்டவணை இரண்டே பக்கம். ஒன்றைக் கண்டுபிடிக்க முழுவதையும் படிக்கணும். பெரியதில் ஒவ்வொரு பத்திக்கும் எண் போட்டிருக்கிறது. என் பன்னிரண்டில் பதினொன்று கிடைத்தது! நமக்கு எட்டு வேற்றுமை, அவர்களுக்கு ஐந்துதான். மீதி வேலையை யார் பார்க்கிறார்கள் என்று ரொம்ப நாளாக யோசித்தேன். நம் ஐந்தாம் வேற்றுமை வேலையையும் அங்கே ஆறாம் வேற்றுமையே சேர்த்துப் பார்க்கிறதாம். தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்கும் போய் அடுப்படியையும் பார்க்கிற நம் லயத்துப் பெண்கள் மாதிரி. படித்தபோது அவ்வளவு சந்தோஷம். பன்னிரண்டாவதற்கு மூன்றிலுமே பதில் இல்லை. அது கொப்பியிலேயே இருக்கட்டும்.

பெரியதே என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் ஹம்சினி என் சேலையைப் பிடித்து இழுத்துப் படங்களைக் காட்டினாள். முதல் இரண்டு புத்தகப் படங்களிலும் பக்கத்தை அழுத்திப் பிடித்திருப்பது உன் வலது கட்டைவிரல். பெரிய புத்தகப் படங்களில் விரலே இல்லை. பக்கத்தின் மேல் ஒரு கரண்டி கிடக்கிறது. ஒரே ஒரு படத்தின் ஓரத்தில், முழங்கை வரை வெள்ளைத் துணி சுற்றிய உன் வலது கை. முந்தின படங்களுக்கும் இவற்றுக்கும் நடுவில் நான்கு நாள் நீ ஒரு படமும் அனுப்பவில்லை என்பதையும் அவளே தேதி பார்த்துச் சொன்னாள்.

மற்ற மூன்று பேருக்கும் நாங்கள் காட்டவில்லை. உன் அண்ணனுக்குத் தெரிந்தால் அன்றைக்கே உன்னை வரச்சொல்லிக் குதிப்பார்.

பெரிய புத்தகம் மேல்தட்டில் இருக்கிறது, ஸ்டூல் போட்டு எடுக்கணும் என்று நீதான் சொன்னாய். எடு எடு என்று அவசரப்படுத்தியது நான். அதில் ஏறி விழுந்தாயா? இல்லை அடுப்பில் சுட்டுக்கொண்டாயா? இல்லை வேறு யாராவதா? எதுவானாலும் எனக்கு எழுது.

அட்டை கடித்தால் மலையே கேட்கக் கத்துகிறவள் நீ. அதே நீதான் கால் வீங்கியிருந்தபோது, கொழுந்து குறைந்தால் அரைப் பேர் போட்டு அரை நாள் சம்பளம்தான் தருவார்கள் என்று மூன்று நாள் சொல்லாமல் மலைக்குப் போனாய். இங்கே உனக்கு யாரும் அரைப் பேர் போடப்போவதில்லை, ஜீவா. வலிக்கிறது என்று சொன்னால் போதும்.

அந்தப் புத்தகத்தின் மேல் எனக்கு ஆசை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். நீ அதைத் தொட வேண்டாம். ஹம்சினி தினமும் ஜெபத்தில் உன் கையைச் சொல்கிறாள், மற்றவர்கள் காதில் விழாமல். கர்த்தர் உன்னைத் தாங்குவாராக.

பதிலைப் போனில் சொல்லாதே, டைப் பண்ணியும் அனுப்பாதே. வலது கையால் நாலு வரி எழுதித் தபாலில் போடு. முடியாவிட்டால் இடது கையால் எழுது, எனக்குப் புரிந்துவிடும். சீக்கிரம் போடு.

உன் அண்ணி,
பிரேமினி