மாயக்கா யார் வீட்டுப் பெண்?

அடிவாரம், பழனி
9.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி செல்வமுருகன் எழுதுவது. இங்கே நானும் ஷர்மிளாவும் பிள்ளைகளும் சுகம். பூம்பாறையில் மழை எப்படி? மணியன் மச்சானுக்கு முட்டிவலி தேவலையா? பூண்டு எடுக்கிற நேரம், நீயும் பள்ளிக்கூடம் விட்டு வந்து காட்டுக்கு ஓடாதே.

போனில் சொல்லாமல் இதென்ன கடிதம் என்று யோசிப்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீ சொல்லி முடித்துவிடுவாய். அதனால்தான் எழுத்து.

நம்ம மாயக்காவுக்கு நல்ல காலம் வந்துவிட்டது அக்கா! சென்னையில் கார்ட்டூன் எடுக்கும் கம்பெனிக்காரர்கள் சாமி கும்பிட வந்த இடத்தில் நம்ம கடையில் புத்தகம் வாங்கியிருக்கிறார்கள். போய்ப் படித்துவிட்டு ஆள் அனுப்பி, ‘மட்டக்குதிரை மாயக்கா’ முப்பத்துநாலு புத்தகத்தையும் வாங்கிக்கொண்டு போனார்கள். டிவியில் இருபத்தாறு வாரம் வரப்போகிறது. நீ படம் போட்டு, நான் கதை எழுதி அச்சடித்த புத்தகம். இருபது வருஷமாக விபூதிப் பைக்கும் பஞ்சாமிர்த டப்பாவுக்கும் நடுவே கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்ததை நினைத்துப் பார்.

போன வாரமே நம்ம பொன்னுவேல் பதிப்பகத்தின் பேரில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன்னிடமிருந்து ஒரு தாள்தான் பாக்கி. ‘எனக்கு ஆட்சேபணை இல்லை’ என்று ஒரே வரி, இதோடு வைத்திருக்கிறேன். வெரசாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. ஒப்பந்த நகலும் அவர்கள் வரைந்த புதுப் படமும் இருக்கின்றன, சும்மா பார்ப்பதற்கு.

உன் தம்பி,
செல்வமுருகன்

---

பூம்பாறை
14.6.2025

அன்புத் தம்பி செல்வத்துக்கு,

அக்கா முருகேஸ்வரியின் ஆசிகள். மச்சானுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. எனக்கு இன்றைக்கு வேறு வலி.

சும்மா பார்க்கச் சொல்லி அனுப்பியதை நான் சும்மா பார்க்கவில்லை. மூன்று தடவை படித்தேன். முதலில் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்கிறேன். மாயக்காவுக்கு வயது நாற்பத்தைந்து. இவர்கள் இருபது ஆக்கிவிட்டார்கள். ஓட்டைப் பல்லை அடைத்துவிட்டார்கள். சேலைக்கு மேலே போட்டிருக்கும் ஆம்பளைச் சட்டையைக் காணோம். இந்தப் பனியில் வெள்ளனே மூட்டை ஏற்றுகிறவள் சட்டை இல்லாமல் எப்படிடா போவாள்? போதாததற்கு மட்டக்குதிரைக்கு றெக்கை முளைத்திருக்கிறது. றெக்கை இருந்தால் மலைப்பாதையில் இவள் எதற்கு நடக்கிறாள்?

இதெல்லாம் போகட்டும். ஒன்பதாவது ஷரத்தை நீ படித்தாயா இல்லையா? ‘இனி மாயக்காவின் உருவத்தை வேறு எவரும் எங்கும் வரையக் கூடாது’ என்று போட்டிருக்கிறார்கள். வேறு எவரும் என்றால் அதில் நானும் சேர்த்தியா? எங்கள் பள்ளிக்கூடச் சுவரில் கை கழுவச் சொல்லிக்கொண்டு நிற்கிறாளே, அவள்? எங்கள் மகளிர் குழுவின் பூண்டுச் சாக்கில் இருக்கிறாளே, அவள்? வருஷா வருஷம் ஒன்றாம் வகுப்பில் சேருகிற பிள்ளைகள் ஒவ்வொன்றுக்கும் நோட்டில் மாயக்கா வரைந்து கொடுப்பேன். இனி கேட்டால் ‘கண்ணு, டீச்சர் வரைஞ்சா போலீஸ் பிடிச்சுக்கும்’ என்று சொல்லவா?

வயிறு எரிகிறது செல்வம். மாயக்காவைத் தூக்கிக் கொடுக்க நீ யார்? கையெழுத்துப் போடமாட்டேன். ஷர்மிளாவிடம் பூண்டு அனுப்பியிருக்கிறேன் என்று சொல். அது வேறு, இது வேறு.

முருகேஸ்வரி

---

பழனி
23.6.2025

அன்புள்ள அக்கா,

பூண்டு வந்தது. கடிதமும் வந்தது, இரண்டில் எது காரம் அதிகம் என்று ஷர்மிளா கேட்கிறாள்.

நான் யார் என்று கேட்டாய். சொல்கிறேன். நீ முதன்முதலில் வரைந்து அனுப்பியபோது அவள் பேர் இல்லாத ஒரு பொம்பளை. பக்கத்தில் ஒரு குதிரை. அவ்வளவுதான். மாயக்கா என்று பேர் வைத்தது நான். ‘அட, ஏத்துங்கப்பா மூட்டைய!’ என்று இன்றைக்கும் பிள்ளைகள் கடை வாசலில் கத்துகிறார்களே, அதை எழுதினது யார்? முப்பத்துநாலு கதையும் யார் யோசித்தது? அச்சடித்து, வெயிலில் கூவி விற்று, விற்காததைத் திரும்பச் சுமந்தவன் யார்? நீ பென்சிலைக் கீழே வைத்ததும் உன் வேலை முடிந்துவிடும். எனக்கு அங்கேதான் சோலியே ஆரம்பிக்கும்.

நான் திருட்டுத்தனமாக எதுவும் செய்யவில்லை. 2011-இல் நீயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாள் இருக்கிறது. நம்ம லெட்டர்பேடில் ‘மாயக்காவின் பட உரிமை முழுவதும் பொன்னுவேல் பதிப்பகத்துக்கே உரியது’ என்று எழுதி, கீழே உன் கையெழுத்து. கம்பெனி வக்கீல் அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, “பட உரிமைன்னு தெளிவா இருக்கே சார். சினிமா, டிவி எல்லாம் இதுல அடங்கிரும். அக்கா கையெழுத்து சும்மா ஒரு சம்பிரதாயம்தான்” என்றார். அதை நம்பித்தான் போட்டேன்.

உலகமே நம்ம மாயக்காவைப் பார்க்கப் போகிறது. அதில் உனக்குச் சந்தோஷமே இல்லையா?

தம்பி,
செல்வமுருகன்

---

பூம்பாறை
2.7.2025

அன்புத் தம்பிக்கு,

பட உரிமையா? அடப்பாவி!

அந்தத் தாள் எதற்கு எழுதினோம் என்று உனக்கு மறந்துவிட்டதா, இல்லை மறந்த மாதிரி இருக்கிறாயா? எவனோ ஒருவன் நம்மைக் கேட்காமல் மாயக்கா படத்தை நோட்டு அட்டையில் போட்டு விற்றான். நீ திண்டுக்கல் போய் வக்கீலைப் பார்த்தாய். ‘படத்துக்கு உரிமை பதிப்பகத்தோடதுன்னு ஒரு தாள் இருந்தா நோட்டீஸ் விடலாம்’ என்று அவர் சொன்னார். நீ மூச்சிரைக்க மலையேறி வந்து, “அக்கா, ஒரு கையெழுத்து” என்றாய். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, படிக்காமல் போட்டேன். அன்றைக்கு நாம் பேசின படம் காகிதத்தில் நான் வரைகிற படம். கொட்டகையில் ஓடுகிற படம் இல்லை.

சென்னை வக்கீலுக்கு இது தெரியாது. அவரைக் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் எழுதினவன் நீ. அவர் சினிமா என்று படித்தபோது, ‘இல்லீங்க, அது வேற படம்’ என்று சொல்ல உனக்கு வாய் இருந்தது. நீ சொல்லவில்லை.

பேர் வைத்தது நீ, பேச வைத்தது நீ. அதை நான் எந்தக் காலத்திலும் இல்லை என்று சொன்னதில்லை. உன்னை ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவர்களிடம் போய் உன் வார்த்தைக்கு நீயே அர்த்தம் சொல். அதற்குப் பிறகு என்ன நடந்தாலும் நடக்கட்டும்.

சுதந்திர தினத்துக்கு முன்னால் பள்ளிக்கூடச் சுவரை மறுபடி வரையச் சொல்லித் தலைமை ஆசிரியை தேவசேனா டீச்சர் பெயிண்ட் வாங்கிக் கொடுத்தார். நேற்று குதிரையை வரைந்தேன். சேலை, சட்டை எல்லாம் வரைந்தேன். முகத்துக்கு வந்ததும் கை ஓடவில்லை. இது என்னுடையதுதானா என்று ஒரு சந்தேகம் வந்துவிட்டது. பிள்ளைகள் வந்து “டீச்சர், மாயக்காவுக்கு மூஞ்சி எங்க?” என்று கேட்கின்றன. நாளைக்கு என்று சொல்லியிருக்கிறேன்.

முருகேஸ்வரி

---

பழனி
19.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஒன்றரை மாதமாகப் பதில் போடவில்லை. ஆடிக் கிருத்திகைக் கூட்டம், கடையில் ஆள் இல்லை என்று எழுத நினைத்தேன். அது பொய். உனக்கு என்ன பதில் எழுதுவதென்று தெரியவில்லை, அதுதான் நிஜம்.

போன வியாழக்கிழமை சென்னைக்குப் போனேன். கண்ணாடி அறையில் உட்கார வைத்தார்கள். வக்கீல் இருந்தார். மாயக்காவைத் தேர்ந்தெடுத்த பெண் சுபஸ்ரீயும் இருந்தாள். நல்ல பிள்ளை, நம்ம கதைகளை என்னைவிட நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறாள். அந்தத் தாளை எடுத்து மேஜையில் வைத்து, “இதுல இருக்கிற படம் நீங்க நெனைக்கிற படம் இல்லீங்க” என்றேன்.

வக்கீல் சிரித்தார். “படம்னா படம்தானே சார்?” என்றார்.

“எங்க கடையில நித்தம் நூறு முருகன் படம் விக்கிறேங்க. அது சினிமாவா?” என்று கேட்டேன்.

சுபஸ்ரீ வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். வக்கீல் சிரிக்கவில்லை. நோட்டு அட்டைக் கதையை முழுக்கச் சொன்னேன். வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். பதிப்பகத்தோடு போட்ட ஒப்பந்தம் ரத்து, இனி படம் வரைந்த அம்மாவிடமே நேரில் பேசிக்கொள்கிறோம் என்றார்கள். எனக்கு இதில் உரிமை இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். கொடுத்துவிட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன் அக்கா. உண்மையைச் சொன்னதற்காக இல்லை. டிவியில் நம்ம பதிப்பகத்தின் பேர் வராதே என்றுதான் அழுதேன். ஒப்பந்தம் போட்ட அன்றைக்குத் தெரிந்தேதான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அதை உன்னிடம் சொல்லிவிட வேண்டும்.

பூம்பாறைக்கு வருவார்கள். என்ன வேண்டுமோ கேள். நான் குறுக்கே வரமாட்டேன்.

செல்வமுருகன்

---

பூம்பாறை
7.9.2025

அன்புத் தம்பி செல்வத்துக்கு,

வெள்ளிக்கிழமை வந்தார்கள். கொடைக்கானலில் தங்கி, வளைவு வளைவாக வாந்தி எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார் வக்கீல். எலுமிச்சம்பழம் கொடுத்தேன். வாசலெல்லாம் பூண்டு காய்ந்துகொண்டிருந்ததால் அவருக்கும் சுபஸ்ரீக்கும் உள்ளேதான் பாய் போட்டேன்.

கேட்டதெல்லாம் செய்தார்கள். சட்டை திரும்பி வந்துவிட்டது, ஓட்டைப் பல்லும் வந்துவிட்டது. றெக்கையை எடுத்துவிடுகிறோம் என்று சுபஸ்ரீ தானாகவே சொன்னாள். ஒன்பதாவது ஷரத்து மட்டும் மாறாது, எல்லா இடத்திலும் அப்படித்தான் என்றார்கள். மாயக்கா எனக்குத்தான் சொந்தம் என்று எழுதி, அதற்கு அடுத்த வரியிலேயே நான் அவளை வரையக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார்கள்.

கடைசிப் பக்கத்தில் ‘உருவாக்கியவர்: முருகேஸ்வரி’ என்று என் பேர் மட்டும் இருந்தது. “தம்பி பேரு?” என்று கேட்டேன். “அவரே தனக்கு உரிமை இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டாருங்களே, மேடம்” என்றார் வக்கீல்.

உன்னிடம் மறைக்கமாட்டேன். பேனாவைக் கையில் வாங்கிவிட்டேன். டிவியில் என் பேர் மட்டும் தனியாக வருவதை நினைத்து மனசு ஆசைப்பட்டது. ஒப்பந்தம் போட்ட அன்றைக்கு நீ ஏன் வாயை மூடிக்கொண்டு இருந்தாய் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உன்மேல் இருந்த கோபம் அங்கேயே பாதி போய்விட்டது.

பேனாவை வைத்துவிட்டு, ஒருவரைக் கேட்க வேண்டும் என்றேன். “இனி யாருங்க இருக்காங்க கேக்க? உரிமை உங்களோடதுதானே?” என்றார் வக்கீல்.

“பெத்தவ நான்தாங்க. ஆனா அவளுக்குப் பழனியில தாய்மாமன் ஒருத்தன் இருக்கான். பேர் வச்சதும் அவன்தான், பேசப் பழக்குனதும் அவன்தான். தாய்மாமனைக் கேக்காம எங்க பக்கம் பொண்ணை அனுப்ப மாட்டோம்” என்றேன். வக்கீலுக்கு ஒன்றும் புரியவில்லை. சுபஸ்ரீக்குப் புரிந்தது, பேப்பரை வைத்துவிட்டு எழுந்துகொண்டாள்.

அதனால் கேட்கிறேன் செல்வம். அனுப்பலாமா, வேண்டாமா? நீ அனுப்பலாம் என்று சொன்னால் உன் பேரையும் போட வைத்து, ஒன்பதாவது ஷரத்தோடு சேர்த்தே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். சுவரில் வேறு எதையாவது வரைந்துகொள்கிறேன். பொய்யாக எழுதாதே. மனசில் இருப்பதை எழுது.

உன் அக்கா,
முருகேஸ்வரி

---

பழனி
15.9.2025

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தது தப்பாகப் போயிற்று. பஞ்சாமிர்தம் கேட்டவருக்கு விபூதியைக் கட்டிக் கொடுத்தேன்.

எனக்கு ஆசை இருக்கிறது அக்கா. இல்லை என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். இருபத்தாறு வாரம்! ஆனால் நீ வரையக் கூடாத மாயக்காவுக்கு நான் என்ன வசனம் எழுதுவேன்? யோசித்து யோசித்துப் பார்த்தேன், ஒரு வரி வரவில்லை. அனுப்ப வேண்டாம்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். அவசரமில்லை, அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து படி. ‘மாயக்கா முருகேஸ்வரிக்கும் செல்வமுருகனுக்கும் பொது. ஒருவரைக் கேட்காமல் மற்றவர் யாருக்கும் கொடுக்க முடியாது. முருகேஸ்வரி எப்போதும் எங்கும் வரையலாம்.’ மூன்றே வரிதான். சரி என்று பட்டால் கையெழுத்துப் போடு. வாங்கின பெயிண்ட் டப்பாவிலேயே காய்வதற்குள் மாயக்காவுக்கு மூஞ்சி வந்துவிடும் என்று தேவசேனா டீச்சரிடம் சொல். கந்தசஷ்டிக்குப் புத்தகம் கொண்டுவரலாம். கதை இருக்கிறது, எட்டுப் பக்கம் வரையத் தோதுப்படுமா என்று மச்சானைக் கேட்டு எழுது.

வக்கீலுக்கு நானே போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். இவ்வளவு தூரம் ஒத்துக்கொண்ட பிறகு ஏன் வேண்டாம் என்கிறீர்கள், காரணம் சொல்லுங்கள் என்று விடாமல் கேட்டார். என்ன சொல்வது? நம்ம பக்கம் பெண் வீட்டில் என்ன சொல்வார்களோ அதையே சொன்னேன். “வீட்ல கலந்து பேசினோங்க. சரிப்பட்டு வரல. தப்பா எடுத்துக்காதீங்க.”

இப்படிக்கு,
மாயக்காவின் தாய்மாமன்
செல்வமுருகன்