கரியும் கரண்ட்டும்

அக்கா,

இன்று காலை மந்தைவெளியில் பேருந்துக்கு நின்றபோது, கஞ்சி போட்ட புடவையைச் சூடான இஸ்திரிப் பெட்டி தேய்க்கும் வாசனை வந்தது. சட்டென்று திரும்பினேன். வேறு யாரோ. நீங்கள் போய் எட்டு மாதமாகியும் மனசுக்கு அது உறைக்கவில்லை.

நம் பழக்கம் சண்டையில் தொடங்கியதுதான். என் மகளுக்கு மூச்சிரைப்பு. உங்கள் இஸ்திரி வண்டியோ எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே. காலையில் நீங்கள் கரி மூட்டினால் புகை படுக்கையறைக்கே வரும். பருவநிலை மாற்றம் பற்றிக் கூட்டங்களில் பேசுகிறவள் நான். உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், வண்டியை அகற்றச் சொல்லும் குடியிருப்போர் மனுவில் முதல் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் தேய்த்த துணியோடு நீங்களே வந்தீர்கள்.

"இன்னாம்மா, கீயேதானே கீறேன்? என்னாண்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"கரிப்புகை கெடுதல்க்கா. கரண்ட் பெட்டிக்கு மாறிடலாமே?" என்று சமாளித்தேன்.

"கரண்ட்டு மட்டும் சும்மா வருதா? நெலக்கரியத்தானே எரிக்கிறாங்க? அத்த எரிக்கிற எடத்தாண்டதான் என் தங்கச்சி வூடு. கொடியில காயப்போட்ட துணி பூரா சாம்பலு. உன் வூட்டு ஏசிக்கு யாரு மனு எயுதறது?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். உள்ளே மகள் இருமினாள். உங்கள் முகம் மாறியது.

"பாப்பாவா? தெனமும் இப்டியா?"

மூட்டையை இறக்கிவிட்டு உட்கார்ந்தீர்கள். கொடுத்த காபி ஆறிப்போகும்வரை பேசினோம்.

அடுத்த நாளிலிருந்து தெருமுனையில் கரி மூட்டி, புகை அடங்கிய பிறகே தணலைக் கொண்டுவந்தீர்கள். நான் குடியிருப்போர் கூட்டத்தில் எழுந்து என் தப்பைச் சொல்லி, மனுவை நிறுத்தினேன். தி.நகரில் நாம் சேர்ந்து போய் வாங்கிய, கேஸில் சூடாகும் இஸ்திரிப் பெட்டியைப் பத்து நாள் தேய்த்துப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னீர்கள்: "பேன்ட்டு சட்டைக்கு ஓகே. பட்டுக்கும் கஞ்சிப் பொடவைக்கும் என் கரிப்பெட்டிதான்." நான் ஒத்துக்கொள்ளவில்லை. நீங்களும் என் ஏசியை விடவில்லை. தினமும் வாதம், தினமும் சிரிப்பு. மாரடைப்பில் நீங்கள் போய்விட்டதாகச் செய்தி வந்தபோது முதலில் அழுதவள் என் மகள்தான்.

போன வாரம், எங்கள் மொட்டை மாடியில் நான் வைக்கச் சொன்ன சோலார் பலகை கூடாது என்று மூன்றாம் மாடிக்காரர் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். சுடச்சுடப் பதில் அடித்தேன். அனுப்பவில்லை, அழித்துவிட்டேன். போய் அவர் கதவைத் தட்டி, "உங்களுக்கு என்ன கஷ்டம்னு கேக்க வந்தேன் சார்" என்றேன். சற்று முறைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டார். ஒரு மணி நேரம் பேசியும் ஒத்துவரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார், அக்கா.